காயமில்லாத ஒப்பரேசன்

எண்பத்தொன்பதில், குறிகட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்துக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர், கொழும்பிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மனைவியின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“வெட்டின காயம் ஒண்டையும் காணேல்லை. உண்மையா ஒப்பரேசன் செய்தவையோ?”

“மூக்குக்குள்ளாலை செய்தவை. பீனிசமாம்.”

“உமக்கு மூக்காலை ஒரு சொட்டும் வடியேல்லையே. அதென்ன பீனிசம்?”

மனைவி சூட்கேசைத் தொப்பென்று கீழே போட்டார்.

“மூக்குக்குப் பின்னாலை, மண்டைக்கு நடுவிலை ஒரு அறை இருக்காம். அதின்ரை வாசல் அடைச்சு, உள்ளுக்கை சீழ் கட்டிப்போச்சு. பிறகெப்பிடி வடியும்? ஸ்கான் எடுத்துத்தான் கண்டுபிடிச்சவை. உச்சியிலை குத்துது எண்டு ஒரு வருசமாக் கத்தினனான். உங்கடை அம்மா நெத்தியிலை சுக்குப் பத்துப் போட்டவ. நீங்கள் கண்ணாடி மாத்தித் தந்தனீங்கள். கடைசியிலை, வேலை செய்யப் பஞ்சியிலை நடிக்கிறாள் எண்டு என்ரை அண்ணைக்குக் கடிதம் போட்டனீங்கள். அதைப் பாத்திட்டுத்தான் அவர் ஓடிவந்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர்.”

“சத்தம் போடாதையும். சனம் பாக்குது.”

“பாக்கட்டும். சீழ் கண் நரம்பை அமத்தி, இந்தக் கண் உள்ளுக்குத் திரும்பிப்போச்சு. நேரத்தோடை வந்திருந்தால் இப்பிடி ஆகியிராது எண்டு டொக்டர் சொன்னவர்.”

கணவரின் குரல் இறங்கியது.

“இப்ப கண் தெரியுதோ?”

“நல்லாத் தெரியுது. நீங்கள் ரெண்டு பேரா நிக்கிறியள். ரெண்டு பேரிலை ஒராளாவது என்னை நம்பியிருக்கலாம்.”