கடிக்காத மீன்

ஏரிப்பாசி வாடை பட்டால், அறுபதுகளில் பொம்மனஹள்ளி போன ஒரு பஸ் எனக்குள் கிளம்பிவிடுகிறது. எதிரே ஓர் அம்மாள், மடியில் தண்ணீர்க்குடம்.

“அண்ணன் ஊர் ஏரியில விட, புதுசா வந்த ஜிலேபி மீன் கொண்டுபோறேன்.”

பக்கத்திலிருந்த மீன்காரி பதறினாள். “வேணாங்க்கா! எங்க ஏரியில விட்டோம், கெண்டைக்குஞ்ச எல்லாம் முழுங்கிடுச்சு.”

“எல்லா மீனும் ரவுடியா என்ன? குடத்துல விரல விட்டுப் பாத்தேன். கடிச்சதெல்லாம் நேத்தே குழம்பாயிடுச்சு. இதுங்க வாயே தொறக்காத சாதுங்க.”

“வாய்க்குள்ள குஞ்ச வெச்சிக்கிட்டு எப்படிக்கா தொறக்கும்? தாய் மீனு அதுல தான் அடைகாக்கும்.”

அம்மாள் ஒரு மீனைப் பிடித்து வாயை விரித்தாள். கடுகுக் கண்களோடு குஞ்சுகள் உள்ளங்கையில் கொட்டித் துள்ளின.

நிறுத்தம் வந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கியவள் திரும்பினாள்.

“பயப்படாத தங்கச்சி! ஏரிப்பக்கமே போகமாட்டேன், நேரா அண்ணி அடுப்புக்குத்தான்.”