ஓட ஓட இளகும்

பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது புகையை. காலையில், இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். நீலப் புகை வந்தால் பேசாமல் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்தது சத்தம். ஏற்றத்தில் அமுக்கும்போது மெல்லிய விசில் கேட்கலாம்; அரைக்கிற சத்தம் கேட்கக் கூடாது. பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. சிவப்பு நிறத்தையும் பக்கவாட்டில் எழுதியிருக்கும் டர்போ என்ற சொல்லையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

கிருஷாந்தி ரீச்சர், அமரர் அழகுமுத்துவின் ஏழாவது ஆண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அவருக்குப் படிப்பித்தவன், அவருக்குப் பிறகு அதே அதிபர் நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்டது நியாயம்தான். மற்றவர்கள் அவருடைய எளிமையைப் பற்றியும் சிரித்த முகத்தைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு அந்த வகை எழுத்து வராது. நான் பௌதிகம் படிப்பித்தவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம். போட்டால் எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்தது எழுபத்திரண்டில். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு வருடம் இந்தக் குளிரைச் சகித்துவிட்டு, ஆளைப் பிடித்து ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் போகவில்லை. தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வெறுங்காலோடு வரும் பிள்ளைகளுக்கு மின்னியலும் ஒளியியலும் சொல்லிக் கொடுத்தேன். தோட்டத்துப் பிள்ளைகளை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. என் மகனின் பழைய சப்பாத்துகளைக்கூட அவர்களுக்குத்தான் கொடுத்தேன்.

பதினொரு வருடம் உப அதிபராக இருந்தேன். தொண்ணூற்றேழில் அதிபர் ஓய்வுபெற்றபோது, அடுத்தது நான் என்பதில் பாடசாலையில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அந்த நாற்காலியில் இருந்துதான் ஓய்வுபெற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. என் மனைவி பூரணம் புதிதாக இரண்டு வெள்ளைச் சட்டைகள் தைப்பித்து வைத்திருந்தாள். கடிதம் வந்தது. அதில் அழகுமுத்துவின் பெயர் இருந்தது.

மேட்டுக்காட்டுத் தோட்டத்து லொறி டிரைவர் சோலைமலையின் மகன். வயது முப்பத்துநான்கு. போட்டிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்திருந்தான். மலையகத்துப் பிள்ளையே அதிபராக வந்துவிட்டான் என்று பெற்றோர் சங்கம் மாலை வாங்கி வந்தது. முதல்நாள் நான் கையெழுத்து வைக்க அறைக்குள் போனபோது அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அதை எல்லோரும் பணிவு என்று மெச்சினார்கள். ஒருவன் எழுந்து நிற்கும்போதுதான் அந்த நாற்காலி யாருடையது என்று அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிகிறது. நான் அவனை வெறுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

இனிக் காரைப் பற்றி. அது முதலில் மேட்டுக்காட்டுத் தோட்டத்தை நடத்திய துரையிடம் இருந்தது. துரை அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது என்னிடம் விற்றுவிட்டுப் போனார். அழகுமுத்து உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கார் மலையேறி வந்தால், கொழுந்துக் கூடையோடு போகிறவர்கள் றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று வழி விடுவார்களாம். அவனும் அம்மாவின் கூடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படி நின்றிருக்கிறான். அதிபராகி இரண்டு மாதத்தில் என்னிடம் வந்து, காரை விற்கிற யோசனை இருந்தால் தன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றான். விற்கப் போவதாக நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியை எடுத்தவனுக்கு என் காரும் வேண்டியிருந்தது. சரி, ஓட்டிப் பாரும் என்றேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போனோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன். நன்றாகத்தான் ஓட்டினான், அதை மறைக்கக் கூடாது. ஏற்றத்தில் டர்போ இழுத்தபோது சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். இறக்கம் வந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி, இன்ஜினை நிறுத்திவிட்டான். கார் சத்தமில்லாமல் உருண்டது.

தோட்டத்து லொறி டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான். இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தி உருட்டிக்கொண்டு போய், மிச்சமாகும் எண்ணெயைத் தங்கள் கெட்டித்தனம் என்று நினைப்பார்கள். சோலைமலை முப்பது வருடம் அப்படி ஓட்டினான். மகனுக்கும் அப்படியே பழக்கினான். அந்தப் பழைய லொறிகளில் அது பெரிய ஆபத்தில்லை. அவற்றின் பிரேக் முழுக்கக் கால் பலத்தில் வேலை செய்வது. புதிய கார்களில் அப்படியில்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சி ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அந்த வெற்றிடம்தான் காலுக்குத் துணை நிற்கிறது. இன்ஜின் நின்றால், மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று அமுக்கலுக்குத்தான் காணும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் விஷயம்.

அன்று டிக்கோயாச் சந்தியில் ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அழகுமுத்து பிரேக்கில் ஏறி நின்றும் கார் பிடிக்கவில்லை. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். நானும் காருக்குள் இருந்தேன் அல்லவா. பஸ்ஸுக்கு ஒரு முழம் இந்தப் பக்கத்தில் நின்றது.

அவனுடைய நெற்றி வேர்த்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பிரேக்கு ரொம்ப இறுக்கமா இருக்குங்களே சேர். ஏதும் கோளாறுங்களா?"

இந்தக் கேள்விக்குச் சரியான விடை எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு வசனம் போதும்.

"புது லைனிங் போட்டிருக்கு. அது அப்படித்தான் இருக்கும், ஓட ஓட இளகும்," என்றேன்.

அவன் உடனே தலையாட்டினான். மாணவனாக இருந்த காலத்திலும் அவன் ஒரு விடையை இரண்டாம் முறை கேட்டதில்லை. திரும்பி வரும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் பெடல் மெத்தென்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, நான் சொன்ன மாதிரியே இளகத் தொடங்கிவிட்டதாகச் சந்தோஷப்பட்டான்.

அன்று அந்தப் பொய் ஏன் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நான் பரிசோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆளில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனேன். தோட்டத்தின் உச்சியில் மாரியம்மன் கோயில். அங்கிருந்து பெரிய றோட்டுக்கு ஏழு வளைவு. கடைசி இரண்டுக்கும் பக்கச் சுவர் கிடையாது. கோயில் வாசலில் இன்ஜினை நிறுத்தி, மெதுவாக உருட்டி, எண்ணினேன். மூன்றாவது வளைவில் பெடல் கல்லானது. உடனே இன்ஜினைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அதைக் கொப்பியில் குறித்து வைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது நான் முடிவெடுத்திருக்கவில்லை. அது வெறும் அவதானிப்பு.

விலையில் தகராறு வரவில்லை. தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, மனைவி லெட்சுமியோடும் ஐந்து வயது மகள் ரோகினியோடும் காரை எடுக்க வந்தான். பூரணம் அவர்களுக்குப் பால் தேத்தண்ணி கொடுத்தாள். பிள்ளைக்கு நான் ஒரு டொபி கொடுத்தேன். டவுன் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து, சக்கரத்தை அதில் ஏற்றிவிட்டு அப்படியே பாடசாலைக்குக் காட்ட வருவதாக ஏற்பாடு.

டவுன் கோயிலிலிருந்து பாடசாலை வரை சமதரை.

"உமக்கென்று தோட்டத்தில் மாரியம்மன் இருக்க, டவுன் கோயில் ஏன்? துரையின் கார் உம்முடைய கையால் அங்கே ஏறுவதைச் சனம் பார்க்க வேண்டாமோ?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பாவும் லொறிக்கு அங்கதாங்க சேர் பழம் வச்சாரு. எனக்குத் தோணல பாருங்க, நீங்க சொல்லித்தான் தோணுது."

வருடாவருடம் விஞ்ஞான தினத்தில், எலுமிச்சம்பழத்துக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகளைக் கேட்டுச் சிரிக்க வைப்பவன் நான். அன்று அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டர்போ பெற்றோலை நன்றாகக் குடிக்கும், கவனம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏறும்போது எவ்வளவும் குடிக்கட்டும், இறங்கும்போது ஒரு சொட்டும் கொடுக்க மாட்டேன் என்று அவன் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினான். லெட்சுமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். பிள்ளை எனக்குக் கை காட்டியது. நானும் கை காட்டினேன்.

செய்தி வந்தபோது பதினொன்றரை இருக்கும். நான் பாடசாலையில், பதினோராம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறாவது வளைவில் கார் தேயிலைக்குள் பாய்ந்து, மூன்று மலைத் தட்டுக்குக் கீழே கிடந்தது. அழகுமுத்து அங்கேயே முடிந்துவிட்டான். பிள்ளை இரண்டு நாள் இருந்தது. லெட்சுமி கதவு திறந்து வெளியே விழுந்ததால் தப்பினாள். இடுப்பெலும்பு முறிந்து, இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறாள். ஆறாவது வளைவு என்று கேள்விப்பட்டபோது, நான் நினைத்திருந்த ஐந்தாவதை விட ஒரு வளைவு கூடுதலாகச் சமாளித்திருக்கிறான் என்று தோன்றியது. அவன் நல்ல டிரைவர் என்று முன்பே சொன்னேன்.

பொலிஸார் காரைச் சோதித்தார்கள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. இருக்கவும் முடியாது, அந்தக் காரின் ஒரு ஆணியைக்கூட நான் தொட்டதில்லை. கவனயீனம் என்று எழுதி மூடிவிட்டார்கள். செத்த வீட்டில் பாடசாலையின் சார்பில் பேசியவன் நான்தான். அடுத்த கிழமை பதில் அதிபராக நியமனக் கடிதம் வந்தது. பூரணம் அந்த வெள்ளைச் சட்டைகளை எடுத்து அயன் பண்ணினாள். மிச்சமிருந்த இரண்டு வருடமும் இருந்தேன், மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மனச்சாட்சி உறுத்தியது என்று நினைக்க வேண்டாம். நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். அந்தக் காரில் துரையின் சாபம் இருந்ததாகவும், பழைய கங்காணி ஒருவரின் ஆவி குறுக்கே வந்ததாகவும் மேட்டுக்காட்டில் பேசிக்கொள்கிறார்கள். நம்முடைய ஆசிரியர்களே சிலர் அதை வகுப்பில் சொல்கிறார்களாம். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு இது பொறுக்கவில்லை. சாபமும் இல்லை, ஆவியும் இல்லை. வெற்றிடம் தீர்ந்துபோனது. தீரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனையும் அவன் பெண்சாதி பிள்ளையையும் அந்த உச்சிக்கு ஏறச் சொன்னேன். அவனையும் பிள்ளையையும் கொன்றவன் நான்.

போன மாதம் நினைவு மலருக்குப் படம் கொடுக்க வந்த லெட்சுமி, என் வீட்டுக்கும் வந்து போனாள். ஏழு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. அன்றைக்குத் தானாகவே சொன்னாள். மூன்று நான்கு வளைவு தாண்டியதும் அவன் பெடலோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து இவள் பயந்திருக்கிறாள்.

"ஏறி வரயில நல்லாத்தானே புடிச்சுச்சு, இன்ஜினப் போட்டுப் பாருங்கன்னு ரெண்டு தடவ சொன்னேங்க சேர். சாவியில கை வச்சவரு, வேணாம்னு எடுத்துட்டாரு. 'புது லைனிங்கு, ஓட ஓட எளகும்னு சேர் சொல்லியிருக்காரு, சேர் சொன்னா தப்பா இருக்காது'ன்னாரு. அதாங்க அவரு கடைசியாப் பேசுனது. ஒங்க மேல அவ்வளவு மரியாத வச்சிருந்தாருன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்றேன்."

அவள் போன பிறகு அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது. எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். படிப்பித்ததை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்ட மாணவன் எனக்கு அவன் ஒருவன்தான், இதை மலரில் கட்டாயம் போடுங்கள்.