அம்மாவிடமிருந்து மட்டும்

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“மைட்டோகாண்ட்ரியான்னு டாக்டர் சொன்னாரே, அது அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வருமாம்,” என்றாள் அவள். “என்னாலதான் பாப்பாவால நடக்க முடியல.”

“அது இன்னா பண்ணுதாம்?”

“செல்லுக்குள்ள சவ்வு மூடின குட்டிப் பை மாதிரி கீதாம். சாப்பாட்டை சக்தியா மாத்துதாம். இவளுக்கு அது சரியா வேலை செய்யலியாம்.”

பேருந்து பாலத்தைத் தாண்டியதும் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“அப்போ உனக்கும் அந்தக் கோளாறு இருந்திருக்கும். மாடி ஏறினா கால் ஓஞ்சு போவுதுன்னு சொல்லுவே. சோம்பேறின்னு திட்டிக்கினே இருந்தேன்.”

அவள் குழந்தையின் காலைத் தடவினாள்.

“நானும் என்னை சோம்பேறின்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்,” என்றாள்.