அந்தச் சுவரில் தூங்குகிறவள் யார் வீட்டுப் பெண்?

வெள்ளைச் சாயம் வாங்கி வைத்த பிறகும், "அடிக்கிறதுக்கு முன்னால நாலு பேரு பேசட்டும்" என்று இந்த மேடையைப் போட்டுத் தந்த பெருந்தன்மைக்குரிய தலைவர், நம் மண்டபக் குழுவின் மூத்த தூண், ஐயாசாமி ஐயா அவர்களே!

முன்வரிசையில் வீற்றிருந்து, வாத்தியார் எப்போது முடிப்பார் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே!

வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல், பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே!

நாற்காலி தந்து, தேநீர் தந்து, எதிர்க்கடை விளக்கையும் இந்தப் பக்கம் திருப்பித் தந்திருக்கும் சிக்கந்தர் பாய் அவர்களே!

மேடைக்குக் கீழே மௌனமாக அணிவகுத்து நிற்கும் வெள்ளைச் சாய வாளிகளே! சிரிக்காதீர்கள் ஐயா, அவையும் இன்றைய கூட்டத்தில் ஒரு கட்சிதான்.

இறுதியாக, என் முதுகுக்குப் பின்னால் இந்தப் பெருஞ்சுவர் முழுவதும் நிறைந்து, பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும் தங்கையே! உனக்கும் என் வணக்கம். உனக்கு மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்.

அன்பு நெஞ்சங்களே! காஹாங், பாலோ ஊர்ப் பள்ளிகளில் கரும்பலகைக்கு முன்னால் காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு இந்தப் பாசிர் கூடாங்குக்கு வந்தவன். சுண்ணக்கட்டி பிடித்த கை இன்று ஒலிவாங்கி பிடித்திருக்கிறது. பயமா? இல்லை. பதற்றமா? இல்லை. உற்சாகம்! உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை உற்சாகம்!

ஏன் தெரியுமா? கல்யாணத்துக்குக் கூடியிருக்கிறோம். கருமாதிக்குக் கூடியிருக்கிறோம். கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் கூடியிருக்கிறோம். ஒரு படத்துக்காக, ஒரே ஒரு படத்துக்காக, இந்த ஊர் இப்படி என்றாவது கூடியதுண்டா?

என்ன நடந்தது என்று பின்னால் நிற்கும் புதியவர்களுக்கும் தெரிய வேண்டும். நம் லோஷினி வார நாளில் எலக்ட்ரோனிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், விடுமுறை நாளில் ஓவியம் வரைகிறவர். மண்டபத்தின் இந்தப் பக்கச் சுவரை அவரிடம் கொடுத்து, "நம்ம ஜனங்களப் பத்தி ஏதாச்சும் வரைஞ்சு குடும்மா" என்று கேட்டது யார்? நாம்தான். அவர் ஞாயிறுதோறும் சாரம் ஏறினார். சுவரைத் துணி போட்டு மூடியே வரைந்தார். போன மாதம் திறப்பு நாள். மாலையும் மேளமுமாக வந்து நின்றோம். மயில் வரும் என்றார் ஒருவர். குத்துவிளக்கு வரும் என்றார் இன்னொருவர். துணி விலகியது.

மயில் இல்லை. விளக்கு இல்லை. தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண். கழற்றிப் போட்ட பாதுகாப்புக் காலணி. ஏர்கோன் குளிருக்குத் தலையை மூடிய துண்டு. கையில் சாப்பாட்டுப் பை. தூக்கத்தில் நழுவிவிடாமல் இருக்க, அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறாள். அப்புறம், அந்த வாய்!

மேளம் நின்றது. யாரோ ஒருவர் சொன்னார்: "அலமாக்! என்னா இது, வாயப் பொளந்துகிட்டு?"

அவ்வளவுதான்! அன்று பிடித்த தீ. மூக்கு பெரிது என்றார்கள். விரல் தடிப்பு என்றார்கள். தம்பி ரூபேந்திரன் படம் பிடித்துக் கைப்பேசியில் பரப்ப, சிங்கப்பூரிலிருந்துகூட வந்து பக்கத்தில் நின்று, தாங்களும் வாயைத் திறந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். புகழ்ந்தவர் பாதி, இகழ்ந்தவர் பாதி, இரண்டையும் சேர்த்துச் செய்தவர் மீதி!

நான் ஒன்று கேட்கிறேன். இந்தப் படம் வருவதற்கு முன்னால் இந்தச் சுவரில் என்ன இருந்தது? பூசணம் இருந்தது. கிழிந்த விளம்பரம் இருந்தது. மழைத்தண்ணீர் வழிந்த கறை இருந்தது. ஆண்டுக்கணக்கில் இருந்தது! பூசணத்துக்கு எதிராக ஒரு கூட்டம் போட்டோமா? கறைக்கு எதிராக ஒரு வாளி சாயம் வாங்கினோமா? அப்போது நம் கண்கள் எங்கே போயிருந்தன? ஆக, இந்தப் பெண் நமக்குச் செய்த முதல் உதவி, நமக்கு ஒரு சுவர் இருக்கிறது என்று காட்டித் தந்தது.

சரி, வேடிக்கைக்கு வருகிறேன். மனோகரன் தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. சொல்லலாமா? ... "சொல்லுங்க சார், எல்லாருக்கும்தான் தெரியுமே" என்கிறார். நன்றி!

திறப்பு விழா முடிந்த மறுநாள், சிக்கந்தர் பாய் கடையில் நான் நுரை பொங்கும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். மனோகரன் புயல்போல் வந்தார். "எங்க சார் அந்த லோஷினி? என்னைக் கேக்காம எப்படி என் சம்சாரத்தச் சுவத்துல வரையலாம்?" என்றார்.

அடுத்த மேசையிலிருந்து சயீத் எழுந்தார். "என்னாது, ஒங்க சம்சாரமா? அண்ணே, அது எங்க வூட்டு ரம்ஜான் பீவி. தலையில துணியப் பாருங்க."

"அது துண்டு லா! பிரேமலா போடுற துண்டு!"

இருவரும் கைநீட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே காளியப்பன் அண்ணன் உள்ளே வந்தார். கண்ணில் நீர் முட்டி நிற்கிறது. "சார், எம்மவ சாந்தினிக்கு மாப்பிள்ள பாத்துகிட்டு இருக்கேன். இப்பிடி வாயப் பொளந்து தூங்குற படத்த ரோட்டோரத்துல மாட்டி வெச்சா எவன் சார் பொண்ணு பாக்க வருவான்?"

மூன்று பேர். மூன்று வீடு. ஒரே வாய்!

"ஒங்க பொண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கையப் பாரு! பைய ரெண்டு சுத்து சுத்தியிருக்கா பாரு!"

"என் சம்சாரமும் அப்பிடித்தான் சுத்துவா!"

"எங்க வூட்லயும் அதே சுத்துதான்!"

சிக்கந்தர் பாய் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சண்ட போடுங்க, சண்ட போடுங்க. ஆனா ஒக்காந்து போடுங்க. நின்னுகிட்டு போட்டா தே கொண்டு வர வழியில்ல."

அந்த நேரம் பார்த்து வேலை விட்டு வந்தார் பிரேமலா. கணவர் சொன்னதை எல்லாம் கேட்டார். "நான் பஸ்ஸுல வாயத் தொறந்து தூங்குறேன்னு யாரு சொன்னா? நீங்க என்னிக்கு எங்கூட பஸ்ஸுல வந்தீங்க?" என்று ஒரே போடு. பிறகு சாலையைத் தாண்டிச் சுவரருகே போனார். நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போய் நின்றோம். மனோகரன் சும்மா இருக்காமல், "நல்லாப் பாரு, நீதானே?" என்று உரக்கக் கேட்டார்.

பிரேமலா உதட்டில் விரல் வைத்தார். "சத்தம் போடாதீங்க. அவள எழுப்பாதீங்க. எறங்குறதுக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு."

சபையோரே! நான் எத்தனையோ திறனாய்வு படித்தவன். ஒரு படத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த சொல்லை எங்கும் படித்ததில்லை.

பிறகு லோஷினியிடம் நானே கேட்டேன்: "யாரம்மா இவள்?" அவர் சொன்னார்: "யாரையும் வரையல சார். பஸ்ஸுல எல்லாரும் தூங்குனாங்க. நான் மட்டும் முழிச்சிருந்தேன்."

இனித் தலைவர் ஐயாவின் கட்சிக்கு வருகிறேன். அவர் ஓவியத்தின் எதிரி அல்லர். என்னிடம் தனியாகச் சொன்னார்: "சார், நம்ம களைப்ப நாமே சுவத்துல எழுதி வைக்கணுமா? வெளியூர்க்காரன் பாத்தா என்ன நெனைப்பான்? நல்லா இருக்கறத வரையக் கூடாதா?" இது ஏளனம் இல்லை. இது தன் மக்களின் மானத்தின் மீது வைத்த அக்கறை. அதற்கு மரியாதையாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐயா, எனக்கு வகுப்பறையை விட்டால் வேறு உதாரணம் தெரியாது. பாலோவில் ஒருநாள், "என் அம்மா" என்று படம் வரையச் சொன்னேன். எல்லாப் பிள்ளையும் சேலை கட்டி, பூ வைத்து, இடுப்பில் குடம் தூக்கிய அம்மாவையே வரைந்து வந்தார்கள். யுகேந்திரன் என்ற பையனைக் கேட்டேன்: "உங்க அம்மா குடம் தூக்குறாங்களா?" "இல்ல சார், வீட்டுல பைப்பு இருக்கு." "சேலை கட்டுறாங்களா?" "தீபாவளிக்குக் கட்டுவாங்க. மத்த நாளு பெக்டரி யூனிபோம்." "அப்போ இது யாரு?" பையன் தலையைச் சொறிந்தான். "படத்துல அம்மான்னா இப்பிடித்தானே சார் இருக்கணும்?"

கேளுங்கள் ஐயா! படத்தில் இருக்கும் அம்மா வேறு, வீட்டில் இருக்கும் அம்மா வேறு என்று அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுத்தது? அழகான அம்மாவை வரைந்தான். தன் அம்மாவை விட்டுவிட்டான்! லோஷினி விடவில்லை. அதுதான் அவர் செய்த குற்றம் என்றால், அந்தக் குற்றத்தை ஊர்தோறும் செய்யட்டும்!

தூங்குவது வெட்கமா? பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறோமே! சாமி படுத்திருந்தால் சேவை. நம் பெண் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தால் கேவலமா? சொல்லுங்கள் தாய்மார்களே, கேவலமா? ... "இல்லை!" இன்னும் உரக்க ... வேண்டாம், வேண்டாம், போதும். பின்னால் ஒருத்தி தூங்குகிறாள்.

இன்னும் ஒரே ஒரு செய்தி. தொழிற்சாலை பஸ் ஓட்டும் வசந்தனை உங்களுக்குத் தெரியும். அவரைவிட அவருடைய ஹார்னை நன்றாகத் தெரியும்! விடிகாலையில் இந்தத் திருப்பத்தில் அவர் அடிக்கும் ஹார்னில் தொட்டில் குழந்தை அழும், கூரைப் புறா பறக்கும். சொல்லிப் பார்த்தோம், கேட்டாரா? சண்டை போட்டோம், கேட்டாரா? ஆனால், போன மாதத்திலிருந்து அந்த ஹார்ன் சத்தத்தைக் கேட்டவர் உண்டா? யோசியுங்கள்!

"ஆமா சார்! கேக்கல!" என்கிறார் அங்கே ஒரு அம்மா. பார்த்தீர்களா!

வசந்தனைப் பிடித்துக் கேட்டேன். அவர் வெட்கத்தோடு சொன்னார்: "என்னமோ சார். திருப்பத்துல வண்டி வந்ததும் அந்தச் செவுத்துப் பொண்ணு எதிர்க்கத் தூங்கிட்டு இருக்கு. கை ஹார்னுக்குப் போவ மாட்டேங்குது."

ஆகா! ஒரு படம் பார்த்து ஒரு மனிதன் ஹார்னிலிருந்து கையை எடுத்தான்! இதற்கு மேல் ஓர் ஓவியருக்கு எந்த விருது வேண்டும்? எந்தப் பொன்னாடை வேண்டும்? சுவரில் தூங்குகிறவளுக்காக நின்ற ஹார்ன், பஸ்ஸுக்குள்ளே தூங்குகிறவர்களையும் அல்லவா தூங்க விட்டது!

இப்போது முடிவு நம் கையில். அதோ, கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரமாக நிற்கிறார் லோஷினி. அவர் கையில் சாயம் அடிக்கும் ரோலர் இருக்கிறது, கவனித்தீர்களா? அதை யாரும் அவரிடம் திணிக்கவில்லை. அவரே கேட்டு வாங்கினார். இன்று மாலை என்னிடம் சொன்னார்: "ஜனங்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா நானே வெள்ள அடிச்சுடறேன் சார். வேற யாரும் அவ மூஞ்சியில கைவைக்க வேணாம். ஆனா அதுக்கப்புறம் இந்த ஊருல நான் பிரஷ்ஷ எடுக்க மாட்டேன்."

நான் கெஞ்ச வரவில்லை. படம் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மூக்கு பெரிது என்று சொல்லுங்கள், விரல் தடிப்பு என்று சொல்லுங்கள், நாளைக்கும் சிக்கந்தர் பாய் கடையில் உட்கார்ந்து சொல்லுங்கள்! திட்டுகிறவனும் நின்று பார்த்துத்தானே திட்டுகிறான்? ஆனால் வெள்ளை அடித்துவிட்டால் எதைத் திட்டுவீர்கள்? எதைப் பார்த்து உங்கள் வீட்டுப் பெண் என்று சண்டைக்கு வருவீர்கள்?

ஆகவே ஒரே ஒரு கேள்வி. பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை. இந்தச் சுவரில் தூங்குகிறவள் என் வீட்டுப் பெண் என்று நினைக்கிறவர்கள், தயவுசெய்து கையை உயர்த்துங்கள்.

...

பிரேமலா அம்மா உயர்த்திவிட்டார். கணவரின் கையையும் சேர்த்துப் பிடித்து உயர்த்திவிட்டார்! சயீத் தம்பி. ரம்ஜான் பீவி. காளியப்பன் அண்ணே, நீங்களுமா? மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? ... "தூங்குறவளப் பாத்து ஓடுறவன் எம்மவளுக்கு வேணாம் சார்" என்கிறார். பலே!

அடடா, அடடா! தாய்மார்களே, உங்கள் கைகளைக் கொஞ்சம் பாருங்கள்! பையோடு உயர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மணிக்கட்டிலும் வார் சுற்றியிருக்கிறது. இரண்டு சுற்று! பஸ்ஸிலிருந்து இறங்கியும் அவிழ்க்க மறந்துவிட்டீர்கள். சுவரையும் பாருங்கள், உங்களையும் பாருங்கள். இனி நான் என்ன பேச?

தலைவர் ஐயா கை தூக்கவில்லை. எழுந்துவிட்டார். மேடையை விட்டு இறங்குகிறார். வழி விடுங்கள். லோஷினியிடம் போகிறார். அந்த ரோலரை ... அவர் கையிலிருந்து வாங்குகிறார். என்ன ஐயா சொல்கிறீர்கள்? இங்கே கேட்கவில்லை.

"சமையக்கட்டுச் செவுரு கரி புடிச்சுக் கெடக்கு. இந்தச் சாயம் அதுக்கு ஆவும்" என்கிறார்!

வாழ்க ஐயா! வாழ்க உங்கள் மானம், வாழ்க உங்கள் மனம்! இல்லை, இல்லை ... கை தட்டாதீர்கள்! மேளக்காரத் தம்பி, குச்சியைக் கீழே வையப்பா!

லோஷினி அம்மா, அழக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் பின்சுவருக்குச் சாரம் கட்ட வேண்டும். அதிலே பூசணம் நிறைய இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களே, கை உயர்த்திய தாய்மார்களே, எதிர்த்துப் பேசியும் கடைசிவரை இருந்த நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கிழவனின் நெஞ்சார்ந்த நன்றி. நாற்காலிகளைத் தரையில் இழுக்காமல் தூக்கி வையுங்கள். மோட்டார் சைக்கிளை மண்டப வாசல் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போங்கள். என் வணக்கத்தையும் மெதுவாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் தூங்கட்டும். இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு.