இரண்டு ஆள் கனம்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் அனந்தநாதனின் தாய்மாமன் ஜினதாஸுக்கு நடந்தது. பொய் சொல்ல அந்த மனிதருக்குச் சாமர்த்தியம் போதாது.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாசம். மாலை நாலரை மணி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் ஏரியை ஒட்டி ஆள் நடமாட்டமில்லாத பாதை... அதன் முடிவில் கிளைடர் கிளப் மைதானம். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் கறுத்த மேகம். காற்று நிமிஷத்துக்கு ஒரு திக்கில் அடித்தது.

கிளைடர் என்பது முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை உள்ள குட்டி விமானம்; எஞ்சின் கிடையாது. மைதானத்தின் இந்தக் கோடியில் பழைய லாரி. அதன் மேல் வின்ச். அது நீளக் கம்பியைச் சுருட்டி, அந்தக் கோடியில் நிற்கும் கிளைடரை இழுத்து மேலே ஏற்றும். ஓட்டுவது ஜினதாஸ். ஏறியிருப்பது ஒருவரா இருவரா என்று எஞ்சின் முனகலிலேயே கண்டுபிடித்துவிடுவார். தப்பினால் உயிருக்கே ஆபத்து. இழுப்பு அதிகமானால் இறக்கை பிய்யும், குறைந்தால் கிளைடர் பாதியில் விழும்.

அன்று, பறக்கக் கற்றுக்கொண்டிருந்த மயில்வாகனம் தனியாகப் பறந்து காட்ட வேண்டும். கம்பி இறுகியது... எஞ்சின் முக்கியது. இரண்டு ஆள் கனம்!

யாரையோ திருட்டுத்தனமாக ஏற்றியிருக்கிறான். ஜினதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் இருவருக்கான இழுப்பைக் கொடுத்தார். கிளைடர் அழகாக ஏறியது. உடனே, அந்தக் கோடியில் கிளைடரில் கம்பி மாட்டிவிடும் ஆதிகேசவனுக்கு, மைதானத்தில் ஒயர் இழுத்து வைத்திருந்த போனைப் போட்டார்.

"பின்னாடி யாருப்பா?"

"யாருமில்லபா. தனியாத்தான் போறான்."

"என் கைக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் சேந்துக்கினு பொய் சொல்றீங்க."

கிளைடர் தரையைத் தொட்டதும் ஓடினார். பின் இருக்கை காலி. யாராவது குதித்து ஓடியிருந்தால் ஈரச் சேறு காட்டிக்கொடுக்குமே... மயில்வாகனத்தின் தடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் காலி இருக்கையிலிருந்து மருக்கொழுந்து வாசனை குப்பென்று அடித்தது.

"பூ வெச்சிருந்தவ யாருடா?"

"சத்தியமா யாருமில்லண்ணா."

ஜினதாஸ் நம்பவில்லை. இன்னொரு முறை பறந்தால்தான் அவனுக்குச் சர்டிபிகேட். இந்தத் தடவை அவரே பின் இருக்கையைத் தடவிப் பார்த்து, கண்ணாடி மூடியைத் தன் கையால் சாத்தினார். ஆதிகேசவனைக் காவல் நிறுத்திவிட்டு லாரிக்குத் திரும்பினார்.

கம்பி இறுகியது... லேசாக. ஒரே ஆள் கனம்.

"நான் வந்து பாத்ததும் வாலைச் சுருட்டிக்கினாங்க பாரு!" என்று சிரித்துக்கொண்டே இழுத்தார். அப்பாடா என்றிருந்தது. கிளைடர் கம்பியை விட்டு மேலே மிதந்தது. எஞ்சினை அணைத்தார். சத்தமே இல்லை.

க்ரீச்...

லாரிக்குள், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின் ஸ்பிரிங், ஆள் உட்கார்ந்தாற்போல மெல்ல அமுங்கியது.