குழம்பாகிப்போன மூன்றாவது அத்தியாயம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள்.

"என் மூணாவது அத்தியாயத்த எங்கம்மா கொழம்பு வச்சிட்டாங்க, மச்சான்."

"தேவனாம்பட்டினத்து நண்டா?"

"முப்பதும். ஆராய்ச்சிக்குன்னு அவுங்களுக்குத் தெரியாது. புரொபசருக்குப் பயந்து ரெண்டு நாளா டிபார்ட்மெண்ட் பக்கமே போவல."

"ஒளிஞ்சா சந்தேகம்தான் ஜாஸ்தியாவும். என் எறால பூனை தின்னப்ப உள்ளதச் சொன்னேன், சிரிச்சிட்டாரு. நண்டயெல்லாம் அளந்துட்டியா?"

"அளந்து நோட்டுல எழுதிட்டேன்."

"அப்பறம் என்னடா? தீசிஸ்ல நண்டையா ஒட்டப்போற? அளவு இருந்தா போதும்."

நண்டுக்காரர் பெருமூச்சு விட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். புவனகிரி தாண்டியதும் நண்பர் கேட்டார்.

"கொழம்பு எப்படி?"

"அத ஏன் கேக்குற? ரெண்டாவது வாட்டியும் ஊத்திக்கிட்டேன்."