சிவப்புத் தொட்டிச் சாம்பாருக்கு ஒரு நன்றியுரை

வெள்ளரிமேடு ஊராட்சியின் விளக்காகவும், இந்த விழாவின் தலைமையாகவும் வீற்றிருக்கும் தலைவர் அம்சவல்லி அம்மையார் அவர்களே. ஒன்றியத்திலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் ஒய்யாரமாக வந்து சேர்ந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே. மேடையின் மூலையில் மின்விசிறிக்கு நேராக மிகச் சரியாக இடம்பிடித்த வார்டு உறுப்பினர்களே. முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே. பின்வரிசையில் பொட்டலத்தின் மணம் பிடித்துப் பொறுமையிழந்த இளைஞர்களே. ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தபடியே உறங்கும் உழைப்பாளித் தம்பிகளே. பெற்ற பிள்ளையைப் போல் என்னைப் பாசத்தோடு பார்க்கும் தாய்மார்களே. அந்தத் தாய்மார்களுக்கு நடுவே என்னைச் சற்றும் பாசமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி மரகதமே: உங்கள் அனைவர் திருமுன்னும் இந்த நடேசனின் நாத்தழுதழுத்த வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவன். மறுசுழற்சி, மறுசுழற்சி என்று இன்று எல்லோரும் முழங்கினார்கள். அந்தக் காலத்திலேயே ஒரே வகுப்பை மறுசுழற்சி செய்து காட்டியவன் நான்.

சிரியுங்கள். சிரிப்பு மக்கும் பொருள்தான். யாருக்கும் கெடுதல் இல்லை.

என் மகள் சுகப்பிரியா புறப்படும்போதே எச்சரித்தாள். "அப்பா, நன்றியுரைன்னா ரெண்டு நிமிஷம். பேருங்களைப் படிச்சிட்டு எறங்கிடு. அங்க போயி ஊர்க்கதை பேசிகினு நிக்காத" என்றாள். படித்த பெண். பேருந்துக்கு மட்டும் அல்ல, பேச்சுக்கும் பிரேக் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கு பிரேக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

ஆனால் அன்பர்களே, நன்றியுரைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வரவேற்புரை இல்லாமல் விழா தொடங்கியதுண்டு. தலைமையுரை பாதியில் நின்றதுண்டு. நன்றியுரை சொல்லாமல் நாட்டுப்பண் பாடியதுண்டா? நாட்டுப்பண் பாடாமல் பெரியவர்கள் மேடையைவிட்டு இறங்கியதுண்டா? அவர்கள் இறங்காமல் இங்கே பொட்டலம் பிரித்ததுண்டா? ஆக, இந்த நொடியில் இந்த விழாவின் சாவி யார் கையில் இருக்கிறது? ஒரு பஸ் டிரைவர் கையில் இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஐயா. ஏறியவரை இறக்கிவிடாமல் நான் வண்டியைப் பூட்டியதில்லை.

நன்றி சொல்லத்தான் வந்தேன். எதற்கெல்லாம் சொல்வது என்று நேற்றெல்லாம் யோசித்தேன். சென்ற ஆண்டு இதே மேடையில், இதே பந்தலில், இதே போண்டாவோடு, குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையைத் திறந்தார்கள்; இன்று அதற்கு ஆண்டுவிழா. அன்று அரசின் சார்பில் மூன்று வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. வீடுதோறும் வண்ணத் தொட்டிகள் வரும் என்றார்கள். கொட்டகையில் பிரிக்கும் பெண்களுக்குக் கையுறையும் வார விடுமுறையும் நிலையான வேலையும் உண்டு என்றார்கள். அறிவிப்பெல்லாம் அழகு தமிழில் இருக்கும் என்றார்கள்.

தொட்டிகள் வந்தன. பச்சை, நீலம், சிவப்பு. வானவில் வளைந்து வாசலில் உட்கார்ந்ததுபோல் வந்தன. அதற்கு நன்றி, நன்றி, நெஞ்சார்ந்த நன்றி.

கைதட்டுங்கள். மற்ற இரண்டுக்கும் சேர்த்து இதிலேயே தட்டிவிடுங்கள்.

தொட்டியின் மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. முழுக்க ஆங்கிலம். நம் அலுவலகக் கட்டடத்தின் நெற்றியில் 'தமிழ் வாழ்க' என்று விளக்கெரிகிறது. பகலிலும் எரிகிறது, அணைக்கும் சுவிட்சு கெட்டுப்போனதால். கட்டடத்தின் நெற்றியிலே தமிழ் வாழ்கிறது. தொட்டியின் வயிற்றிலே ஆங்கிலம் வாழ்கிறது. நெற்றிக்குத் தமிழா, நெஞ்சுக்குத் தமிழா, தேவைக்குத் தமிழா? தேவைப்படும் இடத்தில் இல்லாத மொழி எங்கே இருந்து என்ன பயன்?

அந்த அட்டையில் இருந்தது இதுதான்: பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை, சிவப்பில் ஊசி, உடைந்த கண்ணாடி, மருந்து போன்ற ஆபத்தான குப்பை. இதை எங்கள் தெருவில் யாரும் அட்டையைப் படித்து அறிந்துகொள்ளவில்லை. நாங்கள் வண்ணத்தைப் பார்த்துப் படித்தோம். எங்கே படித்தோம்? கம்பெனியில்.

ஒரகடத்து லைனில் நிற்கும் எந்தப் பிள்ளையையும் கேளுங்கள். சிவப்புத் தொட்டி என்றால் என்ன? ஆங், அதோ பின்வரிசையிலிருந்தே பதில் வருகிறது. "ரிஜெக்‌ஷன்." கழித்த பொருள். தேறாத பாகம் எல்லாம் சிவப்பில் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் தெருவில் வாடகை அறையில் இருக்கும் தம்பி இசக்கிபாண்டி, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. ஒருநாள் வாளி நிறையச் சாம்பாரைச் சிவப்புத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். "டேய், இன்னாடா பண்ற?" என்றேன். திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "சாம்பார் ஊசிப்போச்சு அண்ணாச்சி. ஊசுனது ரிஜெக்‌ஷன்தான? அதான் செவப்புல போடுதேன். குவாலிட்டில சொல்லிக்குடுத்ததை வீட்லயும் செய்யுதேன், இதுக்கும் ஏசுவியளா?"

ஏசவில்லை. எப்படி ஏசுவேன்? அதே காரியத்தை என் வீட்டு ரசத்துக்கு நானும் அப்போதுதான் செய்து முடித்திருந்தேன். மரகதம், முறைக்காதே. உன் ரசத்தைத் தேறாத ரசம் என்று நான் சொல்லவில்லை. தொட்டிதான் சொன்னது.

தெரு முழுக்க இதே கதை. ஊசிப்போன சோறு, அழுகிய தக்காளி, திரிந்த பால் எல்லாம் சிவப்பில். உடைந்த கண்ணாடி மேலே, சாம்பார் கீழே. அத்தனையும் டிராக்டரில் ஏறிக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் கையால் துழாவிப் பிரித்தவர் யார்? சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, கணவரோடு நம் ஊரில் குடியிருக்கும் முத்துச்செல்வி. கையுறை வரும் வரும் என்று சொல்லி வராததால், வெறுங்கையோடு பிரித்தார். விரலில் கண்ணாடி கீறியது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வந்தார்.

வந்தவரைப் பார்த்து ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்: "செவப்புல சாப்பாடு கலந்து கீதுன்னு மேல கம்ப்ளெய்ன்ட் போயிருக்குது. தரம் பிரிக்கத் தெரியலைன்னு உம்பேர்ல எழுதிட்டாங்க. திங்கக்கெழமைலேர்ந்து வர வேணாம்."

முத்துச்செல்வி கேட்டாராம்: "சாம்பாரை நானா சார் கொண்டாந்து ஊத்துனேன்?"

பதில் வந்ததாம்: "அதெல்லாம் எனக்குத் தெரியாது. தொட்டி அட்டைல தெளிவா எழுதிதானே வெச்சிருக்காங்க."

தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது, யாருக்கும் புரியாதபடி.

அன்பர்களே, இன்று திங்கட்கிழமை. முத்துச்செல்வி வேலைக்குப் போகவில்லை. கொட்டகையின் ஆண்டுவிழாவில் கொட்டகையைக் காத்த பெண் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அதோ, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். எழுந்து நிற்க வேண்டாம், தாயே. நிற்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

என் பேருந்தில் தினமும் பிள்ளைகள் பேசிக்கொண்டு வருவார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னால், காது பின்னால். கம்பெனியில் ஒரு நட்டு தவறிவிட்டால் உடனே ஆளைத் துரத்த மாட்டார்களாம். ஏன் தவறியது என்று கேட்பார்களாம். பதில் வந்தால் அதற்கும் ஏன் என்பார்களாம். அடிவேர் தெரியும்வரை ஏன், ஏன், ஏன் என்று விடாமல் கேட்பார்களாம். ஒரு நட்டுக்குக் கிடைக்கிற ஏன், ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டாமா? இரும்புக்குக் காட்டும் பொறுமையை இரத்தமும் சதையுமான ஒருத்திக்குக் காட்டக் கூடாதா?

முத்துச்செல்விக்காக யாரும் ஒருமுறைகூடக் கேட்காத அந்த ஏன்களை இப்போது நாம் கேட்போம். நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

சிவப்பில் சாம்பார் ஏன் வந்தது? தெருக்காரர்கள் கொட்டியதால். ஏன் கொட்டினோம்? கம்பெனி வண்ணத்தை வீட்டு வண்ணம் என்று நினைத்ததால். ஏன் நினைத்தோம்? அட்டை நமக்குப் புரியாததால். ஏன் புரியவில்லை? தமிழில் இல்லாததால். தமிழில் ஏன் இல்லை? ம்? சத்தமாகச் சொல்லுங்கள். மேலேயிருந்து அப்படியே அச்சடித்து வந்ததால். கொடுத்த வாக்கை மேலே ஏன் மறந்தார்கள்?

பார்த்தீர்களா? தெருவில் புறப்பட்ட ஏன் படிப்படியாக ஏறி, பந்தலைத் தாண்டி, மேடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கேள்வி மேலே ஏறிவிட்டது. தண்டனை மட்டும் ஏன் கீழேயே நிற்கிறது?

தலைவர் அம்மா ஏதோ சொல்கிறார்கள். சொல்லுங்கள் அம்மா. "நடேசண்ணே, நீ நன்றி சொல்ல வந்தியா, கேஸ் போட வந்தியா?" என்கிறார்கள். நன்றி சொல்லத்தான் வந்தேன் அம்மா. சொல்வதற்கு ஒன்று கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மூன்று வாக்குறுதியில் ஒன்றுக்குத்தான் இதுவரை நன்றி கைவசம் இருக்கிறது. இல்லாததற்குச் சொன்னால் அது நன்றியா, நடிப்பா?

அதிகாரி ஐயா எழுந்துவிட்டார். வாருங்கள் ஐயா, ஒலிபெருக்கி உங்களுடையது.

"பரிசீலிக்கிறேன்" என்கிறார். வணங்குகிறேன் ஐயா. ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பரிசீலனையை எந்தத் தொட்டியில் போடுவது? மக்கும் வாக்கா, மக்காத வாக்கா? சென்ற ஆண்டு கொடுத்தது மக்கிவிட்டது. உரமாகவாவது ஆகியிருந்தால் ஒரு கத்தரிச்செடி வைத்திருப்போம்.

ஐயாவும் சிரித்துவிட்டார். சிரிக்கத் தெரிந்த அதிகாரியிடம் எதையும் கேட்கலாம். அதிகமாகக் கேட்கவில்லை ஐயா. அட்டையைத் தமிழில் மாற்றுங்கள். வடக்கேயிருந்து வந்து நம்மோடு வேலை பார்க்கும் ஒடியாத் தம்பிக்கு அவன் மொழியிலும் ஒரு வரி போடுங்கள். அவனுக்கும் சாம்பார் ஊசிப்போகிறது. நம் மொழிக்கு மரியாதை கேட்பவன் அடுத்தவன் மொழியை மிதிப்பானா? பிரிக்கும் கைகளுக்கு உறை கொடுங்கள். அந்தக் கைகளின் வேலையை ஒரு வாய்ச்சொல்லில் பறிக்காதீர்கள்.

என்ன, ஐயா மீண்டும் ஒலிபெருக்கியைக் கேட்கிறாரா? கொடு தம்பி.

கேட்டீர்களா அன்பர்களே? கையுறை இந்த வாரமே வருமாம். புதிய அட்டை பொங்கலுக்குள் வருமாம். இதைச் சொன்னபோது அவர் பரிசீலனை என்ற சொல்லைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவர் சொன்னதை இங்கே எத்தனையோ செல்போன்கள் பிடித்துவிட்டன. இது மக்காத வாக்கு. நீலத் தொட்டி.

முத்துச்செல்வி விவகாரத்துக்குத் தலைவர் அம்மா பொன்னாடையை எடுக்கிறார்கள். மேடைக்கு வா தாயே. வரமாட்டேன் என்கிறாரா? என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதியாக இருங்கள், கேட்கவில்லை. "பொன்னாடைய வச்சு நான் என்ன செய்யப்போறேன் அண்ணாச்சி? நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்கிறார்.

தலைவர் அம்மா, கேள்வி உங்களுக்குத்தான்.

"எப்பவும் போல ஆறு மணிக்கு வாம்மா. கொட்டா சாவி உங்கிட்டதானே கீது. நீ வரலைன்னா கதவ யார் தொறக்கறது?"

ஆகா. சாவி இன்று முழுவதும் அவர் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. வேலையைப் பிடுங்கியவர்களுக்குச் சாவியைக் கேட்கத் தோன்றவில்லை. அதைத் தொலைக்காமல் வைத்திருந்த பெண்ணுக்குத்தான் தரம் பிரிக்கத் தெரியவில்லையாம்.

இப்போது எனக்கு வாய் கொள்ளாமல் நன்றி வருகிறது. தலைவர் அம்மையாருக்கு நன்றி. தவறைத் திருத்துவது தலைகுனிவு அல்ல என்று காட்டிய அதிகாரி ஐயாவுக்கு நன்றி. அட்டை வரும்வரை பொங்கலுக்குப் பொங்கல் உங்களை நினைவில் வைத்திருப்போம் ஐயா. ஒலிபெருக்கியை அணைக்காத தம்பிக்கு நன்றி. ஏன் என்ற ஒரு சொல்லைப் பேருந்தில் எனக்குப் பரிசளித்த பிள்ளைகளுக்கு நன்றி. பிரேக் பிடிக்காத அப்பாவைப் பொறுத்துக்கொண்ட சுகப்பிரியாவுக்கு நன்றி. ரசத்தை மன்னிக்கப்போகும் மரகதத்துக்கு முன்கூட்டியே நன்றி. நாளை காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கப்போகும் முத்துச்செல்விக்கு, இந்த ஊரின் அத்தனை வாசல்களின் சார்பிலும் நன்றி.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நாட்டுப்பண் பாடியதும் பொட்டலம் உண்டு. சாம்பார் சாதம்தான்; நானே ருசி பார்த்தேன், தேறிய சாம்பார். இலை பச்சைத் தொட்டிக்கு, தண்ணீர் பாட்டில் நீலத்துக்கு. மீதி வைக்காதீர்கள். அப்படியே வைத்தாலும், இசக்கிபாண்டி, எங்கே இருக்கிறாய் தம்பி? கையைத் தூக்கு. சாம்பார் பச்சைக்கு. உன் அண்ணாச்சி மேடையில் நின்று தமிழில் சொல்லிவிட்டேன்.

வணக்கம்.